குழுப்பாட்டுப் போட்டிக்கு ஒரு பள்ளிக் குழுவைத் தயார் செய்வது: எட்டு வார வழிகாட்டி

போட்டி அறிவிப்பு வந்த அன்றே மாணவிகள் கேட்பது, "என்ன பாட்டு மிஸ்?" என்றுதான். நாமும் அங்கேதான் தொடங்குவோம். கனமான ராகம், நாலைந்து சங்கதி (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் வகைகள்), நடுவில் ஒரு சிட்டைஸ்வரம் (பாட்டோடு சேர்த்துப் பாடும் ஸ்வரக்கோவை) என்று மனம் ஓடும். பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த முதல் சில வருடங்கள் நானும் அப்படித்தான் செய்தேன். பிறகு மற்றக் குழுக்களைக் கேட்கக் கேட்க ஒன்று பிடிபட்டது. பாட்டு எவ்வளவு கடினம் என்பது குழுப்பாட்டில் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. பத்துப் பேரும் ஒரே ஸட்ஜத்தில், அதாவது ஆதாரமான 'ஸா'வில், நிற்கிறார்களா, ஒருவர் குரலை இன்னொருவர் கேட்டுப் பாடுகிறார்களா என்பது முதல் வரியிலேயே வெளியே தெரிந்துவிடுகிறது. பாட்டைச் சொல்லிக்கொடுக்க இரண்டு வாரம் போதும். கேட்கச் சொல்லிக்கொடுக்கத்தான் மீதி ஆறு வாரமும்.

இங்கே சொல்வதெல்லாம் 6 முதல் 10ஆம் வகுப்பு வரையிலான, பத்துப் பேர் அளவிலான, கர்நாடக இசை அல்லது மெல்லிசை பாடும் குழுவுக்கு. வாரத்தில் 4 நாள், நாளுக்கு 40 நிமிடம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

விதிமுறைத் தாளை முதலில் படியுங்கள்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வியாண்டிலிருந்து கலைத் திருவிழா நடக்கிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போகும். மத்திய அரசின் கலா உத்சவ் 2015இல் தொடங்கியது. அது 9 முதல் 12ஆம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கு. இவை தவிர சபாக்கள், ரோட்டரி, லயன்ஸ் சங்கங்கள், கோயில் விழாக் குழுக்கள் நடத்தும் போட்டிகளும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் விதி வேறு. ஒரே போட்டியிலும் வருடத்துக்கு வருடம் மாறும். போன வருட நினைவை நம்பாமல் இந்த வருடச் சுற்றறிக்கையை அச்செடுத்து, ஐந்து இடங்களில் கோடு போடுங்கள்: எத்தனை பேர், எந்த வகுப்பு, எவ்வளவு நேரம், பக்கவாத்தியம் மாணவர்களே வாசிக்க வேண்டுமா, மின்னணுக் கருவிக்கு அனுமதி உண்டா. நேரம் 5 நிமிடம் என்றால், மேடையேறி சுருதி சேர்ப்பதும் அதற்குள் அடங்குமா என்று நடத்துபவர்களிடம் கேட்டுவிடுங்கள். எப்படியானாலும் 4 நிமிடம் 30 விநாடியில் முடியும்படி பாட்டை அமைப்பது நல்லது.

யாரைச் சேர்ப்பது

தனியாக நன்றாகப் பாடும் பத்துப் பேரைச் சேர்த்துவிட்டால் நல்ல குழு அமைந்துவிடும் என்பது உண்மையில்லை. தனிப்பாட்டில் பரிசு வாங்கிப் பழகிய குரல் குழுவிலும் முன்னால் போய் நிற்கப் பார்க்கும். அதனால் தேர்வு நாளன்று யாரையும் தனியாகப் பாடச் சொல்லி முடிவெடுக்காதீர்கள். மூன்று மூன்று பேராகப் பாடச் சொல்லுங்கள். பக்கத்துக் குரலுக்காகத் தன் குரலைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும் பிள்ளை யார் என்று பாருங்கள். அந்தப் பிள்ளைதான் குழுவுக்குத் தூண்.

சுருதி சேராத பிள்ளையைப் பற்றி நிறையவே சொல்ல வேண்டியிருக்கிறது. நான் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது எங்கள் குழு ஒரு போட்டிக்குப் போனது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் பாட்டு டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ வாயை மட்டும் அசை, போதும்" என்றார். கோப்பை கிடைத்தது. எல்லோரும் மாறி மாறித் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். என் கைக்கு வந்தபோது அதை வாங்கி அடுத்தவளிடம் கொடுத்துவிட்டேன். இன்றும் பல பள்ளிகளில் இந்த வாக்கியம் சாதாரணமாகச் சொல்லப்படுகிறது. தயவுசெய்து சொல்லாதீர்கள். குழுவில் சேர்த்த பிள்ளை பாட வேண்டும். பாட வைக்க வழியும் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன்னால் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி சேர்ந்தாள். சுருதிப் பெட்டியோடு 'ஸா' பிடிக்கச் சொன்னால் ஒவ்வொரு முறையும் கீழே வேறெங்கோ போய் நிற்பாள். சுருதி ஞானமே இல்லை என்று முடிவுகட்டத் தோன்றியது. ஒரு நாள் அவளுடைய வகுப்புத் தோழியைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவளைப் பாடச் சொல்லி, "அவ கூடவே பாடு" என்றேன். மூன்றாவது முறையில் அந்தக் குரலின் மேலேயே போய் உட்கார்ந்துவிட்டாள். பெட்டியின் ரீங்காரத்தில் ஸட்ஜம் எங்கே இருக்கிறது என்று அவளுக்குப் பிரித்துக் கேட்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். தன் வயதுக் குரலில் கேட்டதும் தெரிந்துவிட்டது. ஆண் ஆசிரியர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். நீங்கள் பாடிக் காட்டுவது ஒரு ஸ்தாயி (ஒரு ஸா முதல் அடுத்த ஸா வரையிலான எல்லை) கீழே. சிறு பிள்ளைகள் அதை அப்படியே கீழே தேடிப் போய்த் தடுமாறுவார்கள். ஒரு மாணவியைப் பாடிக் காட்டச் சொல்லி அதைப் பிடிக்கச் சொல்லுங்கள். சேராத பிள்ளையை இரண்டு உறுதியான குரல்களுக்கு நடுவில் உட்கார வையுங்கள். தினம் 5 நிமிடம் தனியாகக் கொடுத்தால் நான்கு வாரத்தில் பெரும்பாலும் சரியாகிவிடும்.

பையன்கள் விஷயத்தில் மகரக்கட்டு ஒன்று இருக்கிறது. 12 வயதுக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் குரல் உடையலாம். பழைய பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பாடிய பையன்களுக்கு மகரக்கட்டு வந்தால் வேஷமே போய்விடும். நம் பள்ளியில் அப்படி ஆகக் கூடாது. குரல் மாறும் காலத்தில் பாடக்கூடிய எல்லை ஐந்தாறு ஸ்வரங்களுக்குள் சுருங்கிவிடும். அந்த எல்லைக்குள் வரும் வரிகளை மட்டும் அவனுக்குக் கொடுங்கள். மேலே போகும் வரிகளில் தாளம் போடட்டும், கஞ்சிரா வாசிக்கட்டும். "கத்திப் பாடு, வந்துரும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். தொண்டை கெட்டுவிடும்.

மாற்று மாணவர்கள் இரண்டு பேரை முதல் நாளிலிருந்தே சேர்த்துக்கொள்ளுங்கள். பரீட்சை, காய்ச்சல், வீட்டில் விசேஷம் என்று கடைசி வாரத்தில் ஒருவராவது குறைவார்கள்.

கட்டையை முடிவு செய்வது

கட்டை என்பது 'ஸா' வைக்கும் சுருதியின் அளவு. பெண் குழந்தைகளுக்கும் குரல் உடையாத பையன்களுக்கும் பொதுவாக 5 முதல் 6½ கட்டைக்குள் அமையும். 5 கட்டை என்பது கீபோர்டில் ஜி, 5½ என்பது ஜி ஷார்ப், 6 என்பது ஏ. பழக்கத்தால் 5½ என்று வைத்துவிடாமல் சோதித்துப் பாருங்கள். பாட்டில் மிகக் கீழே போகும் வரி ஒன்று, மிக மேலே போகும் வரி ஒன்று, இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு 5, 5½, 6, 6½ என நான்கிலும் குழுவைப் பாடச் சொல்லுங்கள். கீழ் வரியில் சொல் காணாமல் போகாமலும் மேல் வரியில் கழுத்து நரம்பு புடைக்காமலும் எங்கே வருகிறதோ அதுதான் உங்கள் கட்டை. ஆசிரியருடைய சௌகரியத்துக்கு இதில் இடமில்லை. முடிவு செய்த பிறகு மாற்றாதீர்கள். சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

பாட்டு

மந்திர ஸ்தாயியில் (கீழ் ஸ்தாயியில்) அதிகம் புழங்கும் பாட்டை விட்டுவிடுங்கள். 5½ கட்டையில் மந்திர பஞ்சமம் சிறு பிள்ளைகளுக்கு வெறும் காற்றாகத்தான் வரும். நடு ஸட்ஜத்திலிருந்து தார காந்தாரம் (மேல் ஸ்தாயி 'க') வரை நடமாடும் பாட்டு பொருந்தும். மோகனம், ஹம்சத்வனி, சுத்த சாவேரி போன்ற ஐந்து ஸ்வர ராகங்கள் குழுவுக்கு மிகவும் நல்லவை. தோடி, சஹானா மாதிரி கமகத்திலேயே (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதிலேயே) உயிர் இருக்கும் ராகங்களைப் பத்துப் பேர் ஒரே மாதிரி அசைத்துப் பாடுவது மிகக் கடினம். தோடி காந்தாரத்தை ஒருத்தி மூன்று முறை அசைத்து இன்னொருத்தி இரண்டு முறை அசைத்தால் கேட்பவர் காதில் அது அபஸ்வரமாகவே விழும்.

நீளத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆதி தாளம், நிமிடத்துக்கு 72 அட்சரம் (தாள எண்ணிக்கை) என்று வைத்தால், 8 அட்சரம் கொண்ட ஓர் ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு) 6.7 விநாடி ஆகும். 2 ஆவர்த்தனப் பல்லவியை மூன்று சங்கதியோடு, ஒவ்வொன்றையும் இரண்டு முறை பாடினால் 12 ஆவர்த்தனம், அதாவது 80 விநாடி. பல்லவி மட்டுமே 5 நிமிடத்தில் கால்பங்குக்கு மேல் தின்றுவிடுகிறது. எனவே சங்கதியைக் குறைத்துக்கொண்டு சரணத்துக்கு இடம் விடுங்கள்.

சேர்ந்திசைப் பிரிவு என்று இருந்து, விதியும் இடம் கொடுத்தால் இரண்டு குரல் பகுதிகளை அமைத்துப் பார்க்கலாம். தமிழ்ப் பாட்டைப் பல குரல் பகுதிகளாகப் பிரித்து அழகாகப் பாட முடியும் என்று இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் தம்முடைய மெட்ராஸ் யூத் கொயர் மூலம் காட்டியிருக்கிறார். ஆனால் ஒரே குரலாகப் பாட வராத குழுவுக்கு இரண்டு குரல் கொடுத்தால் குழப்பம்தான் இரட்டிப்பாகும்.

முதல் இரண்டு வாரம்: கேட்பது

இந்த இரண்டு வாரமும் போட்டிப் பாட்டைத் தொடவே வேண்டாம். சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் போதும். பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

வட்டமாக, முகம் பார்த்து உட்கார வையுங்கள். தம்பூரா ஓடட்டும். வாயை மூடி 'ம்' என்று ஸட்ஜத்தை 20 விநாடி பிடிக்கச் சொல்லுங்கள். மூச்சு முடிந்தவர் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு திரும்பச் சேர்ந்துகொள்ளலாம், ஆனால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எடுக்கக் கூடாது. இதுதான் பின்னால் நீண்ட வரிகளில் கைகொடுக்கும். அப்புறம் நடுவில் தம்பூராவின் சத்தத்தை அறவே குறைத்துவிட்டு, 10 விநாடி கழித்து மறுபடி கூட்டுங்கள். எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறார்கள் என்று அவர்களுக்கே கேட்கும். முதல் நாள் சிரிப்பார்கள். நான்காம் நாள் தம்பூரா திரும்பி வரும்போது அங்கேயே நிற்பார்கள்.

பிள்ளைகள் மிகவும் ரசிக்கும் பயிற்சி இன்னொன்று. இரண்டு போன்களில் தம்பூரா செயலியைத் திறந்து, இரண்டையும் 5½இல் வையுங்கள். பிறகு ஒன்றில் மட்டும் நுண் சுருதியைத் துளி இறக்குங்கள். ஒலி 'வ்வா வ்வா' என்று அலைமோதும். ஒன்று நொடிக்கு 208 அதிர்வும் மற்றது 205ம் என்றால், நொடிக்கு 3 முறை இந்த அலை கேட்கும். நெருங்க நெருங்க அலை மெதுவாகி, சேர்ந்ததும் நின்றுவிடும். "உங்க குரலும் பக்கத்துக் குரலும் சேரலைன்னா இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, இரண்டு பேரைப் பாடச் சொல்லி, மற்றவர்களை அந்த அலையைத் தேடச் சொல்லுங்கள். சுருதி என்பதை விளக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இரண்டாம் வாரம் பாதிக் குழு பாட, பாதிக் குழு கேட்கட்டும். கேட்டவர்கள் ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். "யார் தப்பு" என்று சொல்லக் கூடாது, "எங்கே விலகியது" என்று சொல்ல வேண்டும். இந்தப் பழக்கம் வந்துவிட்டால் உங்கள் வேலையில் பாதியை அவர்களே செய்துவிடுவார்கள்.

மூன்றும் நான்கும்: பாடம்

ஸ்வரம் முதலில், சாஹித்யம் (பாட்டின் சொற்கள்) பிறகு. ஒவ்வொரு சங்கதியிலும் எந்த ஸ்வரத்தில் அசைவு, எந்த ஸ்வரம் நேராக நிற்கிறது என்று நீங்கள் முடிவு செய்து, எல்லோருக்கும் ஒன்றாகக் கொடுங்கள். வீட்டில் வேறு குருவிடம் கற்கும் பிள்ளை தன் பாடாந்தரத்தை, அதாவது அங்கே கற்ற பாட முறையை, கொண்டுவரும். அதில் தவறில்லை, ஆனால் இந்த மேடைக்கு ஒரே பாடாந்தரம் என்று அன்பாகச் சொல்லிவிடுங்கள்.

சாஹித்யத் தாளில் மூச்சு எடுக்கும் இடங்களைப் பென்சிலால் குறியுங்கள். 'கருணைக்கடலே' என்ற சொல்லைக் 'கருணைக்' என்று நிறுத்தி, மூச்சு விட்டு, 'கடலே' என்று தொடங்கினால் பொருள் செத்துவிடும். ழகர, ளகர, லகரத்தையும் றகர, ரகரத்தையும் பாட்டில்லாமல் வெறும் பேச்சாகச் சொல்ல வைத்து முதலில் சரிசெய்யுங்கள். வல்லின ஒற்று எல்லோர் வாயிலும் ஒரே நொடியில் விழ வேண்டும். 'ப்' பத்து இடத்தில் விழுந்தால் வெடிச்சரம் மாதிரி கேட்கும். பாட்டின் பொருளை ஒரு வகுப்பு முழுக்க உட்கார்ந்து பேசுங்கள். பாவம் வேண்டும் என்று முகத்தைச் சுளிக்கச் சொல்லிக்கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

காலப்பிரமாணம்

பிள்ளைகள் பயந்தால் காலப்பிரமாணத்தை, அதாவது பாட்டின் வேகத்தை, விட்டு ஓடுவார்கள். மேடையில் எல்லோருக்குமே பயம், அதனால் எல்லாக் குழுவும் ஓடும். கைக்கடிகாரத்தால் அளந்து பாருங்கள். முதல் 4 ஆவர்த்தனத்துக்கு 27 விநாடி எடுத்த குழு கடைசி 4 ஆவர்த்தனத்தை 24 விநாடியில் முடித்தால், 72இல் தொடங்கி 80இல் முடித்திருக்கிறது என்று அர்த்தம். இந்த எண்ணைப் பிள்ளைகளிடமே காட்டுங்கள். மெட்ரோனோம் வைத்து வாரத்தில் ஒரு நாள் பாடட்டும். மற்ற நாட்களில் அது வேண்டாம், அதையே நம்பிவிடுவார்கள். பத்துப் பேரும் கையால் தாளம் போடுவதானால் கை ஒரே உயரத்தில் விழ வேண்டும், தொடையில் தட்டும் சத்தம் மைக்கில் ஏறக் கூடாது. எனக்குப் பிடித்த ஏற்பாடு, நடுவில் இருக்கும் ஒருத்தி மட்டும் தெளிவாகப் போட, மற்றவர்கள் விரலளவில் போடுவது.

எடுப்பை, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடத்தை, தனியாகப் பழக்குங்கள். சமத்தில் (தாளத்தின் முதல் தட்டில்) தொடங்கும் பாட்டு பிரச்சினையில்லை. அரை இடமோ ஒன்றரை இடமோ தள்ளி எடுப்பதானால், குழுத் தலைவி தாளத்தைத் தட்டிய பின் எந்த இடத்தில் மூச்சை இழுக்கிறாள் என்பதைப் பார்த்து எல்லோரும் சேர்ந்து இழுக்க வேண்டும். ஒரு வகுப்பில் 20 முறை, முதல் வரியின் முதல் சொல்லை மட்டும் பாடி நிறுத்துங்கள். நடுவர்கள் காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்த முதல் சொல் பத்து வாயில் ஒன்றாக வந்துவிட்டால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பக்கவாத்தியம்

ஐந்தாம் வாரம் மிருதங்கத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 5½ கட்டைக்கு ஹெச்சு ஸ்தாயி (உயர்ந்த சுருதி) மிருதங்கம் வேண்டும். தக்கு (தாழ்ந்த சுருதி) மிருதங்கத்தை இழுத்துப் பிடித்து ஏற்றினால் தோல்தான் கிழியும். வாசிக்கும் மாணவனுக்கு ஒரே விதி: சொல் கேட்கிற இடத்தில் நடை மட்டும், வரி முடிகிற இடத்தில் சின்னத் தீர்மானம் (முத்தாய்ப்பு). தனி ஆவர்த்தனம் வாசிக்கும் ஆசை எல்லோருக்கும் இருக்கும், இங்கே அதற்கு இடமில்லை. வயலின் இருந்தால் நல்லது, ஒரு மாற்றுத் தந்தி எடுத்துக்கொள்ளுங்கள். கீபோர்டு என்றால் பாட்டை அப்படியே தொடராமல், ஆரம்பத்திலும் இடைவெளியிலும் மட்டும் வாசிக்கட்டும். கமகத்தோடு பாடும் குரலுக்குப் பக்கத்தில் நேர் ஸ்வரம் சத்தமாக ஒலித்தால் குரல்தான் தப்பு மாதிரி தெரியும்.

மைக்கும் மேடையும்

மண்டபத்தில் பத்துப் பேருக்கு இரண்டு மைக் இருந்தால் அதிர்ஷ்டம். மேடையில் தம்பூரா காதில் விழாது, பேஸ் ஸ்பீக்கரின் உறுமல்தான் விழும். ஆறாம் வாரத்திலிருந்து வகுப்பறையை விட்டு வெளியே வாருங்கள். சைக்கிள் நிறுத்துமிடம், மதிய உணவுக் கூடம், இடைவேளைச் சத்தத்துக்கு நடுவில் வராந்தா என்று மாறி மாறிப் பாடுங்கள். சுருதிப் பெட்டியைக் குழுவுக்குப் பின்னால், நடுவில் வையுங்கள். நேர் வரிசையாக உட்காராமல் லேசான பிறை வடிவில் உட்கார்ந்தால் இரண்டு ஓரத்தில் இருப்பவர்களுக்கும் மற்றவர் குரல் கேட்கும். கணீரென்ற குரல்களை மைக்குக்கு நேராக வைக்காதீர்கள், ஓரத்துக்கு அனுப்புங்கள். போனை 15 அடி தள்ளி நாற்காலியில் வைத்துப் பதிவு செய்து கேளுங்கள். நடுவர் காதில் விழுவது அதுதான்.

தம்பூரா செயலி போனில் ஓடினால் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். ஒரு போட்டியில் அனுபல்லவி நடுவில் என் போனுக்கு அழைப்பு வந்து தம்பூரா நின்றது, மணி மைக்கில் அலறியது. பிள்ளைகள் ஒரு கணம் தலைவியைப் பார்த்தார்கள், சுருதி விடாமல் தொடர்ந்து பாடி முடித்தார்கள். தம்பூராவைக் குறைத்துக் கூட்டிய அந்த முதல் வாரப் பயிற்சி அன்று அவர்களைக் காப்பாற்றியது. அன்றிலிருந்து நான் சாதாரணச் சுருதிப் பெட்டியையும் கூடவே எடுத்துப் போகிறேன்.

கடைசி வாரமும் அந்த நாளும்

கடைசி வாரம் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். நாளுக்கு இரண்டு முறை முழுப் பாட்டு, அவ்வளவுதான். முந்தின நாள் குரலுக்கு ஓய்வு. வேனில் இரண்டு மணி நேரம் சினிமாப் பாட்டைக் கத்திக்கொண்டு போனால் எட்டு வார உழைப்பு அங்கேயே இறங்கிவிடும். போகும்போது அமைதி, வரும்போது எவ்வளவு வேண்டுமானாலும் பாடலாம் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் இட்லி, வெதுவெதுப்பான தண்ணீர். உங்கள் எண்ணை 11 மணிக்குக் கூப்பிடுவோம் என்பார்கள், 3 மணியும் ஆகும். வாழைப்பழமும் பிஸ்கட்டும் பையில் இருக்கட்டும். கூப்பிடுவதற்கு அரை மணி முன்னால் ஒரு மரத்தடியில் 10 நிமிடம்: உதட்டை 'ப்ர்ர்ர்' என்று அதிரவிட்டு மேலும் கீழும், பிறகு 'ம்', பிறகு கீழ்க்காலத்தில் சரளி வரிசை. போட்டிப் பாட்டில் முதல் சொல் மட்டும். மிருதங்கத்தைப் போன உடனே சேர்க்காமல் மேடைக்குப் பக்கத்தில் வைத்திருந்து, கடைசியாகச் சேருங்கள். குளிரூட்டிய அரங்கமானால் தோலும் தந்தியும் மாறிவிடும். சுருதி சேர்க்கும் கல்லும் கட்டையும், மிருதங்கத்தின் இடப்பக்கம் ஒட்டும் ரவையும் மிருதங்கக்காரன் பையிலேயே இருக்கிறதா என்று கிளம்பும்போதே பார்த்துவிடுங்கள்.

மேடையில் உட்கார்ந்ததும் உடனே தொடங்க வேண்டாம். தம்பூராவை மூன்று நான்கு விநாடி கேட்கட்டும். தலைவி எல்லோர் முகத்தையும் ஒரு முறை பார்க்கட்டும். அப்புறம் மூச்சு, எடுப்பு.

முடிவு வந்த பிறகு

நடுவர் குறிப்பு எழுதித் தந்தால் அதை அன்றே படிக்காதீர்கள். இரண்டு நாள் கழித்து, பதிவைப் போட்டுக் கேட்டுக்கொண்டே குழுவோடு சேர்ந்து படியுங்கள். தோற்றிருந்தால் அன்று வேனில் அழுவார்கள். அழட்டும், பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அதே பாட்டைப் பள்ளி முழுக்கக் கேட்க ஒரு முறை பாட வையுங்கள். மேடை ஏறாத மாற்று மாணவர்கள் இருவரையும் வரிசையில் நிறுத்துங்கள். பிறகு ஒரு தாளில் கட்டை, காலம், யார் எங்கே உட்கார்ந்தார்கள், எந்த வரியில் மூச்சு முட்டியது, அடுத்த வருடம் யாருக்கெல்லாம் குரல் உடையலாம் என்று எழுதி, சுருதிப் பெட்டியின் உறைக்குள்ளேயே மடித்து வைத்துவிடுங்கள். அடுத்த அறிவிப்பு வரும்போது பெட்டியை எடுப்பவர் வேறு ஆசிரியராகவும் இருக்கலாம்.